நானாவின் நாக்கு

காசுக்காகப் பொய் சொன்னவனுக்காவது ஒரு சாக்கு உண்டு. எனக்கு அதுவும் கிடையாது. ஒரு பைசா வாங்காமல், யாரும் மிரட்டாமல், பட்டப்பகலில் தூத்துக்குடி உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு நான் பொய் சொன்னேன். அதனால் கடலுக்கு அப்பால் ஓர் ஊர் தன் உப்பை இழந்தது. ஒரு ராஜா தன் செருப்பை இழந்தார். செருப்பு என்றதும் சிரிக்க வேண்டாம். அது என்ன செருப்பு என்று சொல்லுகிறேன்.

நான் எபனேசர். நாசரேத்துக்காரன், கணக்கு வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் கானா நாட்டுக்குப் போய், அக்வேசோ என்கிற கடற்கரை ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். நம் பக்கத்திலிருந்து அப்போது நிறையப் பேர் போனார்கள். மற்றவர்கள் டேப் ரிக்கார்டர் வாங்கி வந்தார்கள். நான் அந்த ஊர்ப் பாஷையையும் சேர்த்து வாங்கி வந்தேன். அதில்தான் வந்தது வினை.

அங்கே ஊர் ராஜாவை ‘நானா’ என்பார்கள். போன புதிதில் எனக்கு ஒரே இளக்காரம். சுதந்திரம் வாங்கி, மந்திரி சபை வைத்து, பெரிய அணை கட்டுகிற தேசத்தில் இன்னும் குடையும் கொட்டுமாக ஒரு ராஜாவா என்று என் மனைவி கிருபாபாய்க்குக் கேலியாகக் கடிதம் எழுதினேன். அந்த இளக்காரம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. குடிதண்ணீர்க் குழாய் போட வேண்டுமென்று சர்க்கார் என்ஜினீயர்கள் மூன்று தடவை வந்து அளந்து, மூன்று தடவையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நானா ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடிக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போகக்கூடாது. ஊரே மண்வெட்டியோடு வந்து நின்றது. நாலு செவ்வாய்க்கிழமையில் மூன்று மைல் வாய்க்கால் தோண்டி முடித்தார்கள். அதற்குப் பிறகு என்ஜினீயர்களுக்கு வெட்கம் வந்து குழாயைக் கொண்டுவந்து போட்டார்கள். பள்ளிக்கூடத்து நிலமும் அவர் கொடுத்ததுதான். பெண்பிள்ளைகளை அனுப்பாத வீட்டுக்கு ஆள் விட்டுக் கேட்டவரும் அவர்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் உப்பங்கழி. வெயில் ஏறினால் தண்ணீர் வற்றித் தானாகவே உப்பு பூக்கும். நானா பூசை செய்து கரையில் ஒரு கம்பு ஊன்றுவார். கம்பு நிற்கும் வரை யாரும் இறங்கக்கூடாது. உப்பு விளைந்ததும் அவரே கம்பைப் பிடுங்குவார். உடனே ஊரே இறங்கும். விதவைக்கும் பங்கு, நேற்று வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கும் பங்கு. ஒரு வருஷம் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கூடை அள்ளினேன்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், அதில்தான் என் கழுத்து மாட்டியது. நானா சபையில் யாரிடமும் நேராகப் பேசமாட்டார். பக்கத்தில் ஒருவர் கோல் பிடித்து நிற்பார். கோலின் தலையில் ஒரு மர நண்டு, அதற்குத் தங்கத் தகடு. நானா சொல்வதை அவர் சபைக்குச் சொல்வார், சபை சொல்வதை நானாவுக்குச் சொல்வார். அவர்தான் நானாவின் நாக்கு. சொல்லுக்குத் தேன் தடவிக் கொடுக்கலாம், ஆனால் அதன் எலும்பை ஒடிக்கக்கூடாது என்பது அவருக்குச் சட்டம். கோல் வழியாக வந்த சொல்லைச் சந்தேகப்படக்கூடாது என்பது நானாவுக்குச் சட்டம்.

என் வாய்க்கு ஒரு சட்டமும் இல்லை. எழுபத்தொன்றில் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. உங்கள் நாட்டில் ஜனங்கள் நடைபாதையில் படுத்துத் தூங்குகிறார்களாமே என்று உடன் வேலை பார்த்த வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் காலையில்தான் கேட்டிருந்தார். எனக்கு உச்சந்தலை வரை சூடு. மேடையில் ஏறி, எங்கள் தூத்துக்குடியிலும் உப்பு விளைகிறது, உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவள் வீட்டிலும் ரேடியோ பாடும் என்று ஒரே போடாகப் போட்டேன். கை தட்டினார்கள். முன் வரிசையில் நானா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுபத்துமூன்றில் நான் ஊர் திரும்பிவிட்டேன். எழுபத்தைந்து ஏப்ரலில் மந்திரமூர்த்தி என்று ஒருவர் நாசரேத்துக்கு என்னைத் தேடி வந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கிற ஏஜெண்டு, பேச்சில் வெண்ணெய் வழியும். கானாவில் ஒரு கம்பெனி அக்வேசோ உப்பங்கழியைக் குத்தகைக்கு எடுத்து, நம் ஊர் மாதிரி பாத்தி கட்டி உப்பு விளைவிக்கப் போகிறதாம். அங்குள்ள சர்க்கார் கையெழுத்துப் போட்டாகிவிட்டதாம். ஆனால் நானா தலையாட்டாமல் அங்கே ஒரு முளைக்குச்சிகூட அடிக்க முடியாதாம். “நம்ம வாத்தியார் ஊரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று நானா சொல்லிவிட்டாராம்.

நம்ம வாத்தியார். அந்த இரண்டு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பெனி ஒரே ஒரு விமான டிக்கெட்தான் கொடுத்திருந்தது. கோல் வந்தது, கோல்காரர் வரவில்லை. மதுரையில் இறங்கிய நானாவை அம்பாசடர் காரில் கூட்டி வந்தேன். வேட்டி போல் ஒரு பெரிய துணியை இடது தோளில் போட்டு, காலில் அகலமான தோல் செருப்பு. ராஜாவின் வெறுங்கால் மண்ணில் படக்கூடாது, பட்டால் ஊருக்கே கேடு என்பது அவர்கள் நம்பிக்கை. கட்டிலிலிருந்து இறங்கும்போதும் முதலில் செருப்பைத்தான் தேடுவார்.

கயத்தாற்றில் சிலையைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். கட்டபொம்மனைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்து நானா ஒருவர், கப்பம் கட்ட மாட்டேன் என்றார், வெள்ளைக்காரன் இங்கேதான் தூக்கில் போட்டான் என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“இவருக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடுவில் நின்று பேசியது யார்?”

பாஷை மாற்றிச் சொல்கிற துபாஷி யாரோ ஒருவன் இருந்திருப்பான், பெயர் எனக்குத் தெரியாது என்றேன். அவர் பெயரைத்தான் முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்றார் நானா. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன்கூட.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து அவர் கோலை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது முன்னோர்களுக்குக் கொஞ்சம் சாராயம் மண்ணில் ஊற்ற வேண்டும். இங்கே மதுவிலக்கு, அதோடு நான் திருச்சபைப் பொருளாளர். கிருபாபாய் ஒரு செம்பு பதநீர் கொண்டுவந்து வைத்தாள். நானா முகர்ந்து பார்த்துவிட்டு, என் பாட்டன்மார் இதைக் குறை சொல்லமாட்டார்கள் என்று சொல்லி ஊற்றினார். பிறகு என்னிடம் சொன்னார்: “நாளைக்கு நீ எபனேசர் இல்லை. நீ என் நாக்கு. நீ சொல்வதை வைத்துத்தான் நான் என் ஊருக்குச் சத்தியம் பண்ணுவேன்.” பரிசளிப்பு விழாவில் ஏறி நின்ற மாதிரியே எனக்கு நெஞ்சு விரிந்தது. கிருபாபாய்தான், பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை உப்பளம். யாருடையது என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். கண்ணுக்கு எட்டிய வரை பாத்தி பாத்தியாக வெள்ளை, பத்து மணிக்கே கண் கூசியது. முதலாளியின் மேனேஜர் உற்பத்தி எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு என்று அடுக்கினார். மந்திரமூர்த்தி ஆமாம் சாமி போட்டார். நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேலை செய்கிற ஒருத்தியிடம் பேச வேண்டும் என்றார்.

பக்கத்துப் பாத்தியில் மரப்பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்கள். பெயர் சுடலைமாடத்தி. முப்பது வயதிருக்கலாம், ஐம்பது போல் இருந்தாள். பாத்தி வரப்புக்குக் கீழே உப்புத் தண்ணீரில் நின்றாள். நானா செருப்புக் காலோடு வரப்பின் மேல். நடுவில் நான், கையில் தங்க நண்டு.

நானா சிரித்த முகத்தோடு முதல் கேள்வி கேட்டார். “நம் வாத்தியார் சொன்ன ரேடியோவில் இவளுக்குப் பிடித்த பாட்டு எது?”

மறந்திருப்பார் என்று நினைத்தேன். ராஜாக்கள் மறப்பதில்லை போலிருக்கிறது. அவளிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரேடியோவா? எங்க குடிசையில விளக்குக்கே மண்ணெண்ண இல்ல, சார்.”

பாட்டென்றால் இவளுக்கு உயிராம், எல்லாப் பாட்டும் பிடிக்குமாம் என்று நானாவிடம் சொன்னேன். முதல் பொய்தான் கஷ்டம் என்பார்கள். அதெல்லாம் சும்மா. வழுக்கிக்கொண்டு வந்தது.

இந்த இடம் முன்னால் யாருடையது, இப்போது உப்பில் உனக்குப் பங்கு உண்டா, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று நானா கேட்டார். அவள் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு ராஜா தன்னிடம் கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள் போல நிதானமாகச் சொன்னாள்.

“எங்க அப்பன் காலத்துல இங்கன ஓடை, சார். தானா உப்பு பூக்கும். ஊர்ல யாரு வேணாலும் வந்து அள்ளுவாவ. பெறவு வேலி போட்டாவ. இப்பம் எங்க அப்பன் நின்ன எடத்துல நான் கூலிக்கு நிக்கேன். ஒரு கை உப்பு எடுக்கக்கூடாது. கேட்டுல சேலைய உதறிக் காட்டிட்டுத்தான் போணும். குழம்புக்கு உப்பு கடையிலதான் வாங்குதோம். அந்த ராசாகிட்டச் சொல்லுங்க. அவுக ஊர்ல வேலி மட்டும் போட விட்டுராண்டாம்னு.”

மேனேஜர் முகம் சுண்டிப்போனது. மந்திரமூர்த்தி இருமினார். ஆனால் அவர்களால் என்ன செய்ய முடியும்? அந்தப் பாஷை அவர்கள் இருவருக்கும் தெரியாது. நான் என்ன சொன்னாலும் தடுக்க ஆள் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான இடம் உலகத்தில் இருக்காது.

நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவளுடைய கால்தான் தெரிந்தது. வெடித்து, வெளுத்து, விரலிடுக்கில் புண்ணாக இருந்த அந்தக் கால். எனக்கு அவமானமாக இருந்தது. அவள்மேல் இரக்கம் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் கட்டிக் காப்பாற்றிய மானத்தை இவள் ஒரு நிமிஷத்தில் கப்பலேற்றுகிறாளே என்று கோபம்.

முன்பு இது வெறும் ஓடையாம் என்று ஆரம்பித்தேன். கம்பெனி வந்த பிறகுதான் வேலை கிடைத்ததாம். வேண்டிய உப்பை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களாம். ராஜாவின் ஊருக்கும் இந்த நல்லது வர வேண்டுமென்று வாழ்த்துகிறாளாம்.

“அவ்வளவுதானா?” என்றார் நானா.

“அவ்வளவுதான், நானா.”

அவர் குனிந்து, குவியலிலிருந்து இரண்டு கை உப்பை அள்ளி அவளிடம் நீட்டினார். எடுத்துப் போகலாம் என்றுதானே நான் சொல்லியிருந்தேன். அவள் மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையை ஏந்தி வாங்கி முடிந்துகொண்டாள். நானாவைக் கும்பிட்டாள். தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்குத்தான் ராசா உப்பு கொடுக்கிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் நாங்கள் காரில் கேட்டைத் தாண்டும்போது வேலை முடிந்து பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நானா முன் ஸீட்டில், நான் பின்னால். திரும்பிப் பார்த்தேன். சுடலைமாடத்தி வாட்ச்மேன் முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். ராஜா கொடுத்த உப்பு மண்ணில் விழுந்தது. அப்போதாவது வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். புதுத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் எவ்வளவு நீளம் என்று நானாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் அவர் கோலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அந்தப் பெண் வாழ்த்தினாள் என்று என் ஊருக்குச் சொல்வேன் என்றார்.

எழுபத்தேழு ஜனவரியில் கடிதம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல யாரோ ஒரு டீச்சர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். முற்றத்தில் நின்று படித்தவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உப்பங்கழியைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்களாம். வெயில் காலம் வந்ததும் பெண்கள் வழக்கம்போலக் கூடையோடு போனார்களாம். கம்பெனி போலீசைக் கூப்பிட்டதாம். ஓட்டத்தில் ஒரு கிழவி சேற்றில் விழுந்து எழுந்திருக்கவே இல்லையாம். ஊர் கூடி நானாவிடம் கேட்டது: நீங்கள் பார்த்து வந்தேன் என்றீர்களே, கேட்டு வந்தேன் என்று சத்தியம் பண்ணினீர்களே. அங்கே ஒரு ராஜாவை இறக்குவதற்குச் சட்டம், தீர்ப்பு எதுவும் வேண்டாம். சபை நடுவில் நிறுத்தி அவர் செருப்பைக் கழற்றினார்கள். வெறுங்கால் மண்ணில் பட்டது. அதோடு அவர் ராஜா இல்லை.

கடைசிப் பத்தி இப்படி இருந்தது: “வாத்தியாரே, இப்போது நான் சாதாரண ஆள். எனக்குக் கோலும் இல்லை, நாக்கும் இல்லை. அதனால் நேராகக் கேட்கலாம். அன்று அந்தப் பெண் வெகுநேரம் பேசினாள், நீங்கள் கொஞ்சமாகச் சொன்னீர்கள். அப்போதே கவனித்தேன். கோலைச் சந்தேகப்படுவது வழக்கமில்லை என்பதால் கேட்கவில்லை. அவள் உண்மையில் என்ன சொன்னாள்?”

திட்டியிருந்தால் தேவலை. ஒரு வசவுகூட இல்லை.

கிருபாபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவளிடம் சொன்னதில்லை. அவள் அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அந்தப் பெண் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். ஆனாலும் அவளிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள், உங்கள் ஞாபகத்தை இனிமேல் யார் நம்புவது என்றாள். செருப்பால் அடித்த மாதிரிதான். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஏரல் வழியாக பஸ் பிடித்துத் தூத்துக்குடி போனேன். உப்பளத்து கேட்டுக்கு வெளியே வேலை விடும் நேரம் வரை நின்றேன். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேலையை உதறிவிட்டு வந்தார்கள். சுடலைமாடத்தி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கூட வந்தவர்களைக் கூப்பிட்டு, இவுகதான் அந்த ராசாகிட்ட நாஞ் சொன்னதச் சொன்ன சார்வா என்று காட்டினாள். எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். இரண்டு வருஷமாக இந்தக் கதையை அளம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். ஆப்பிரிக்கா ராசா என் பேச்சைக் கேட்டார், என் பேச்சுக்கு உப்பு தந்தார் என்று. அன்று சொன்னதை நான் கேட்காமலே ஒரு சொல் மாறாமல் மறுபடி சொல்லியும் காட்டினாள்.

“அவுக ஊர்ல வேலி போடலேல்லா, சார்?” என்று கேட்டாள்.

“போட்டுட்டாவ” என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அவளுக்கு அது தலைகுனிவாக இருந்திருக்க வேண்டும். “நாஞ் சொன்னதக் கேட்டுமா போட்டாவ? அப்பம் ராசான்னா எல்லாவனும் ஒண்ணுதான்” என்றாள்.

அங்கேயே பேசாமல் திரும்பியிருந்தால் பழி நானாவோடு போயிருக்கும். ஊரும் செருப்பும் போன மனிதருக்கு இந்தப் பெண்ணின் வாயிலிருந்த நல்ல பெயரும் போயிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி திரும்பத்தான் நினைத்தேன்.

“ராஜா கேட்கலம்மா. நீ சொன்னத நான் அவருகிட்டச் சொல்லவே இல்ல. எல்லாரும் நல்லா இருக்காவன்னு சொல்லிட்டேன்.”

ஏசுவாள் என்று நின்றேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன். என் கண் கீழே போனதைப் பார்த்து, அவள் சேலையை இறக்கிவிட்டுக் காலை மறைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஏன் சார்? எங்க சொல்லு அம்புட்டுக் கேவலமாவா இருந்துச்சு?”

மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக விலகி நடந்தார்கள், அவளும் போனாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் காகிதம் வாங்கி, நின்றபடியே நானாவுக்கு எழுதினேன். அன்று அவள் சொன்னதைத் தேன் தடவாமல், ஒரு சொல் விடாமல் எழுதினேன். கடைசியில், இன்று அவள் என்னைக் கேட்ட கேள்வியையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.